உரிமப் படிவத்தில் இன்னொரு பெயர்

பெருநகர சென்னை மாநகராட்சி ஆணையர் அவர்களுக்கு,

செல்லப்பிராணிகளுக்கு உரிமம் கட்டாயம் என்றாக்கி, ரேபிஸ் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்டு, மைக்ரோசிப் பொருத்தும் வேலையையும் மாநகராட்சி தொடங்கியிருக்கிறது. வரவேற்க வேண்டிய ஏற்பாடு. ஆனால் நாய் வளர்ப்பவர் ஒரே முகவரியில் பல காலம் இருப்பார் என்ற நம்பிக்கையின் மேல்தான் அது நிற்கிறது. வேளச்சேரியிலும் சோழிங்கநல்லூரிலும் மூன்று நான்கு பேராக வீடெடுத்துத் தங்கும் கல்லூரி மாணவர்களுக்கு அது பொருந்தாது. கலைக் கல்லூரிப் படிப்பு 3 ஆண்டு, பொறியியல் 4 ஆண்டு. நாயோ 10 முதல் 13 ஆண்டு வாழும். வீட்டுக்குள் வளரும் பூனை 15 ஆண்டையும் எட்டும். முதலாம் ஆண்டில் வாங்கிய குட்டி, வாங்கியவர் பட்டம் பெறும்போது நடுவயதைக்கூடத் தொட்டிருக்காது. மீதி ஆயுளுக்கு யார் பொறுப்பு என்பதை உரிமம் கொடுக்கும்போதே எழுதி வாங்குங்கள் என்பதுதான் என் கோரிக்கை.

மாணவர்களுக்குப் பிராணிகள் மேல் பாசம் இல்லை என்று நான் சொல்லவரவில்லை. சிக்கல் அவர்கள் வாழும் விதத்தில் இருக்கிறது. வீட்டு ஓனர் நாய்க்குச் சம்மதிக்க மாட்டார் என்று தெரிந்தே குட்டியை அட்டைப்பெட்டியில் வைத்து மாடியேற்றுகிறார்கள். வெளியே தெரியக்கூடாது என்பதால் பகலில் நடக்கக் கூட்டிப்போவதில்லை. முகவரிச் சான்று கொடுக்க வேண்டுமே என்று உரிமமும் எடுப்பதில்லை. நான்கு பேர் காசு போட்டு வாங்கிய குட்டிக்கு டிஸ்டெம்பர், பார்வோ ஊசிகளை அடுத்தடுத்த தவணைகளில் போட வேண்டும். மூன்றாம் மாதம் ரேபிஸ் ஊசி, பிறகு ஆண்டுதோறும். நால்வருக்கும் சொந்தமான நாயின் ஊசித் தேதி நால்வரில் யார் தலையிலும் விழாது. செமஸ்டர் தேர்வு முடிந்த வாரமே எல்லோரும் ஊருக்குக் கிளம்புகிறார்கள்; நாய் மட்டும் எங்கே போகும்?

சட்டம் இந்த இடத்தில் வேடிக்கையாக இருக்கிறது. உரிமம் எடுக்காவிட்டால் மாநகராட்சி விதிக்கும் அபராதம் 5,000 ரூபாய். பிராணியைப் பட்டினி கிடக்கும்படி கைவிட்டால், 1960-ஆம் ஆண்டு பிராணிவதைத் தடுப்புச் சட்டப்படி முதல் குற்றத்துக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய் வரைதான். மாட்டிக்கொள்ளப் பயப்படும் மாணவருக்கு, நாயைத் தெருவில் விட்டுவிடுவதே மலிவான வழி. அதன் விலையை நகரம் கொடுக்கிறது. 1996 முதல் தெருநாய்களுக்கு மாநகராட்சி கருத்தடை செய்துவருகிறது. அந்த உழைப்புக்கு நடுவே கருத்தடை செய்யாத ஒரு பெண் நாயைத் தெருவில் இறக்கிவிட்டால் அது ஆண்டுக்கு இரண்டு முறை குட்டி போடக்கூடும். கல்லூரி வாசலில் விட்டால் கேன்டீன்காரர் சோறு போடுவார் என்ற சமாதானமும் இனி செல்லாது. கல்வி வளாகங்களில் உள்ள தெருநாய்களைக் காப்பகங்களுக்கு மாற்ற வேண்டும், அதே இடத்தில் திரும்ப விடக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2025 நவம்பர் 7 அன்று உத்தரவிட்டிருக்கிறது.

அப்படியானால் மாணவர்கள் பிராணியே வளர்க்கக் கூடாது என்று தடை போட்டுவிடலாமே என்பார்கள். தடை, அட்டைப்பெட்டியில் மாடியேறும் குட்டிகளைத்தான் பெருக்கும். மறைத்து வளர்க்கும் நாய்தான் ஊசி போடாத நாய். அதைவிட, வாடகைக்கு இருக்கும் மாணவரின் விண்ணப்பத்தில் இரண்டு விவரங்களைக் கட்டாயமாக்கலாம்: வீட்டு உரிமையாளரின் எழுத்துப்பூர்வச் சம்மதம், மாணவர் ஊரைவிட்டுப் போனால் பிராணியை ஏற்கும் இன்னொருவரின் பெயரும் கையெழுத்தும். கேட்டால் ஓனர் மறுப்பார் என்பது உண்மைதான். மூன்று வயது நாயோடு நடுத்தெருவில் நிற்பதைவிட, குட்டி வாங்கும் முன்பே மறுப்பைக் கேட்டுக்கொள்வது நல்லது. கதவைப் பிறாண்டிவிடும் என்று அஞ்சும் ஓனருக்கு அட்வான்ஸ் கையில் இருக்கிறது. தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் ஒப்பந்தத்தை எழுத்தில்தான் கேட்கிறது, அதில் ஒரு பத்தி கூடுவதில் கஷ்டமில்லை. இரண்டாவது பெயர் வெறும் கையெழுத்தாகவே நின்றுபோகும் என்ற சந்தேகம் இதைவிடக் கனமானது. அதற்கு விடை உங்களிடமே இருக்கிறது. உரிமத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்காத உரிமம் ஒவ்வொன்றுக்கும் மண்டல அலுவலகத்திலிருந்து முதலில் மாணவருக்கு, பிறகு அந்த இரண்டாமவருக்கு ஒரு போன் போகட்டும்: நாய் எங்கே? தெருவில் பிடிபடும் நாயின் சிப் எண்ணும் அதே பெயர்களைத்தான் காட்டும். தொலைவில் இருக்கும் தகப்பனோ அக்காவோ கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒருமுறை யோசிப்பார்கள், அந்த யோசனை குட்டி வாங்குவதற்கு முன்பே வீட்டில் ஒரு சண்டையாகவும் வரலாம். வரட்டும்.

கல்லூரிகள் திறக்கும் ஜூன், ஜூலையில்தான் மாணவர்கள் புதிதாக வீடு பிடிக்கிறார்கள். படிவத்தை அதற்குள் திருத்திவிடக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சென்னைவாசி ஒருவர்