கூலி போகாமல் ஒரு பொங்கல்

மார்கழி கடைசி வாரத்தில் திருவனந்தபுரம் கிழக்கேகோட்டைக்குப் போனால் போதும், பொங்கல் வருவது தெரிந்துவிடும். காந்தி பார்க்கைத் தாண்டிச் சாலைக் கடைத்தெருவுக்குள் நுழைந்தால் கரும்புக் கட்டுகள் சாத்தி வைக்கப்பட்டிருக்கும். மஞ்சள் குலை, பனங்கிழங்கு, சிறுகிழங்கு, தோவாளைப் பூ எல்லாம் வந்து இறங்கும். பேரம் பாதி தமிழிலும் பாதி மலையாளத்திலும் நடக்கும்.

இந்தச் சரக்கையெல்லாம் கடையில் நின்று எடை போட்டு விற்கிற தமிழ்த் தொழிலாளிக்குத் தை முதல் தேதி அன்று பொங்கல் உண்டா என்பதுதான் கேள்வி.

தமிழ்நாட்டை ஒட்டிய திருவனந்தபுரம், கொல்லம், பத்தனம்திட்டா, இடுக்கி, பாலக்காடு, வயநாடு ஆகிய 6 மாவட்டங்களில் கேரள அரசு பொங்கலுக்கு உள்ளூர் விடுமுறை விட்டு வருகிறது. இது பாராட்டத்தக்கது. 2022ஆம் ஆண்டில் ஒரு சிக்கல் வந்தது. பொங்கல் ஜனவரி 14, வெள்ளிக்கிழமை. விடுமுறையோ 15, சனிக்கிழமை என்று இருந்தது. தமிழக முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலின், கேரள முதல்-அமைச்சர் பினராயி விஜயனுக்குக் கடிதம் எழுதினார். விடுமுறை 14ஆம் தேதிக்கு மாற்றப்பட்டது. அண்டை மாநிலங்கள் இப்படி ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுப்பது நல்ல காரியம்.

ஆனால் அந்த விடுமுறை யாருக்குக் கிடைக்கிறது? மாநில அரசு அலுவலகங்களுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் கிடைக்கிறது. ஓட்டலில் மாவாட்டுகிறவருக்கு இல்லை. ஜவுளிக்கடைச் சிப்பந்திக்கு இல்லை. கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் எந்தப் பண்டிகையும் கூலி போகிற நாள்தான். ஒரு நாள் கூலியை விட்டு, வெல்லமும் அரிசியும் கரும்பும் வாங்கிப் பொங்கல் வைப்பதென்றால் அது இரட்டைச் செலவு.

சட்டம் இல்லாமல் இல்லை. கேரளத் தொழில் நிறுவனங்கள் (தேசிய, பண்டிகை விடுமுறை) சட்டம் 1958லேயே வந்துவிட்டது. கடைகளுக்கும் அது பொருந்தும். குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜயந்தி ஆகியவற்றுடன் சில பண்டிகை நாட்களிலும் சம்பளத்தோடு விடுமுறை தரவேண்டும். எந்தெந்தப் பண்டிகை என்று முடிவு செய்யும்போது தொழிலாளிகளின் கருத்தும் கேட்கப்பட வேண்டும். அன்று வேலை வாங்கினால் இரட்டிப்புச் சம்பளம், இல்லையென்றால் சம்பளத்தோடு வேறொரு நாள் விடுமுறை. தமிழர்கள் அதிகம் வேலை செய்கிற கடையில் பொங்கலையும் பட்டியலில் சேருங்கள் என்று கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு. கேட்பவர்கள்தான் குறைவு. சாலைத் தெருவில் முதலாளிகள் பலரும் தமிழர்களே. அவர்கள் வீட்டில் பானை பொங்கும்போது கடைப் பையன் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருப்பது நன்றாக இல்லை. நாள் கூலிக்குப் போகிறவருக்கு இந்தச் சட்டம் கைகொடுக்காது. அவருக்கு மேஸ்திரியின் மனசுதான் சட்டம்.

ஊருக்குப் போய்விடலாமே என்று சொல்வது எளிது. 1979ல் நாகர்கோவிலுக்கு ரயில் பாதை திறந்த பிறகு குமரி மாவட்டத்துக்காரருக்குப் பெரிய கஷ்டம் இல்லை. காலையில் போய் இரவில் திரும்பலாம். மதுரைக்கும் விருதுநகருக்கும் அப்பால் போகிறவர் பாடுதான் பாடு. ரிசர்வேஷன் 60 நாளைக்கு முன்பே திறந்துவிடுகிறது. அதாவது ஐப்பசி முடிவதற்குள் பொங்கல் டிக்கெட்டை நினைக்க வேண்டும். ஆபீஸ் குமாஸ்தா நினைப்பார். அடுத்த வாரம் எந்த ஊரில் வேலை என்று தெரியாத தொழிலாளி எப்படி நினைப்பார்? கடைசியில் முன்பதிவில்லாப் பெட்டியின் வாசற்படிதான் அவருக்கு. பஸ்ஸை நம்பலாம் என்றால், மகரவிளக்கும் அந்த நாளில்தான் வருகிறது. பஸ்கள் பல பம்பைக்குப் போய்விடுகின்றன.

ஆகவே பெரும்பாலோர் இருக்கும் இடத்திலேயே பண்டிகையைக் கொண்டாட வேண்டியிருக்கிறது. உலகெங்கும் பிழைக்கப் போனவர்கள் கதை இதுதான். கல்கத்தாவில் டாங்ரா என்ற இடத்தில் சீனர்கள் தோல் பதனிட்டுப் பிழைத்தார்கள். 1962 சீனப் போருக்குப் பிறகு பலரை ராஜஸ்தானில் தியோலி முகாமில் அடைத்தார்கள். பலர் கனடாவுக்குப் போய்விட்டார்கள். எஞ்சியிருக்கும் கொஞ்சம் பேர் இன்றும் சீனப் புத்தாண்டுக்குத் தெருவில் சிங்க நடனம் ஆடுகிறார்கள். சிங்கப்பூரில் சீனப் புத்தாண்டுக்கு 2 நாள் விடுமுறை, தீபாவளிக்கு 1 நாள், பொங்கலுக்கு இல்லை. இருந்தும் லிட்டில் இந்தியாவில் விளக்கு அலங்காரம் செய்து பொங்கல் கொண்டாடுகிறார்கள். விடுமுறை இல்லையென்று அவர்கள் சும்மா இருந்துவிடவில்லை.

இங்குள்ள தமிழ் அமைப்புகளும் விழா நடத்தாமல் இல்லை. மண்டபம் பிடித்து, மாலை மரியாதை செய்து, நாலு பேர் பேசி முடிக்கும்போது மணி பன்னிரண்டு ஆகிவிடுகிறது. வேலைக்குப் போகிறவர் அதில் எப்படிக் கலந்துகொள்வார்?

அவருக்கு வேண்டியது பானை வைக்க ஓர் இடம். ஒரே அறையில் ஐந்தாறு பேர் தங்கியிருக்கும் வாடகை வீட்டில் பனை ஓலை எரித்துப் பொங்கல் வைக்க முடியுமா? வீட்டுக்காரர் விடுவாரா? இந்த நகரத்துக்குப் பொங்கல் பானை புதிதல்ல. மதுரையை எரித்த கண்ணகி வந்து தங்கியதாகச் சொல்லப்படும் ஆற்றுக்கால் கோவிலில், மாசி மாதப் பொங்காலையன்று லட்சக்கணக்கான பெண்கள் வீதியிலேயே அடுப்பு மூட்டுகிறார்கள். கிழக்கேகோட்டையில் கால் வைக்க இடம் இருக்காது. அடுப்புச் செங்கற்களைப் பிறகு மாநகராட்சி சேகரித்து ஏழைகளுக்கு வீடு கட்டக் கொடுக்கிறது. அருமையான ஏற்பாடு.

கிழக்கேகோட்டையிலேயே புத்தரிக்கண்டம் மைதானம் இருக்கிறது. ஒரு காலத்தில் வயல். பத்மநாபசுவாமி கோவில் நிறபுத்தரிக்கு அங்கு விளைந்த புதுநெல் போனதால் அந்தப் பெயர். புத்தரிசிப் பண்டிகைக்கு அதைவிடப் பொருத்தமான இடம் இந்த நகரில் வேறு கிடையாது. தை முதல் தேதி காலை 5 மணி முதல் 8 மணி வரை அந்த மைதானத்தில் ஒரு பகுதியைப் பொங்கல் வைக்க விட்டுத்தருமாறு தமிழ் அமைப்புகள் மாநகராட்சியிடம் முறைப்படி மனுக் கொடுக்க வேண்டும். தண்ணீர்க் குழாயும் குப்பை அள்ள வண்டியும் கேட்க வேண்டும். பேச்சையும் பாட்டையும் அடுத்து வரும் ஞாயிறு மாலைக்கு வைத்துக்கொள்ளலாம். 8 மணிக்குப் பானையை இறக்கிவிட்டுத் தொழிலாளி வேலைக்குப் போய்விடுவார். மனுவை மார்கழி வரை தள்ளிப்போடாமல் கார்த்திகையிலேயே கொடுத்துவிட வேண்டும்.