எந்த வாசல் வழியே வந்தீர்கள்?

அருணாசலேஸ்வரர் கோயிலுக்குள் வடக்கே அம்மணியம்மன் கோபுரம் வழியே போனவர், செருப்புக்காக அங்கேயே திரும்பத்தான் வேண்டும். சன்னதி என்னவோ ஒன்றுதான். லினக்ஸ் ஷெல்லும் வந்த வழியை இப்படித்தான் நினைவில் வைக்கிறது. 1983-இல் 4.2 பிஎஸ்டி யூனிக்ஸ் குறியீட்டு இணைப்பைக் கொண்டுவந்ததன் பின்விளைவு இது. இன்றைய டெபியனில் ‘/பின்’ என்பது வெறும் இணைப்பு. அசல் இடம் ‘/யுஎஸ்ஆர்/பின்’. உள்ளே போய் ‘பிடபிள்யூடி’ கேட்டால் கூசாமல் ‘/பின்’ என்கிறது. அங்கிருந்து ‘சிடி ..’ கொடுத்தால் வேர் அடைவுக்குப் போகிறோம், ‘எல்எஸ் ..’ கொடுத்தாலோ ‘/யுஎஸ்ஆர்’ பட்டியல் வந்து நிற்கிறது. ஷெல் தன் நினைவில் உள்ள பாதையின் வாலை வெட்டுகிறது, எல்எஸ் கர்னலைக் கேட்கிறது, அவ்வளவுதான். பட்டியல் பார்ப்பவருக்கு இது வேடிக்கை. அதே இரட்டைப் புள்ளியை நம்பி ‘ஆர்எம்’ ஓட்டுபவருக்கு அல்ல. கைப்பட வேலை செய்கையில் வந்த வழி நினைவிருப்பது வசதிதான், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஸ்கிரிப்டில் மட்டும் அந்த நம்பிக்கை வேண்டாம். அசல் பாதையைத் தரும் ‘சிடி -பி’, ‘பிடபிள்யூடி -பி’ இரண்டும் போசிக்ஸ் தரத்திலேயே உள்ளன. பெரிய எழுத்துப் ‘பி’, மறக்காமல் போடுங்கள்.