பூட்டிய வீடுகளைத் திறக்க ஒரு சங்கம் வேண்டும்

எருமப்பட்டி வட்டாரத்துச் சிற்றூர்களில் எந்தத் தெருவில் நுழைந்தாலும் பூட்டிய வீடு ஒன்றிரண்டு கண்ணில் படாமற் போவதில்லை. திண்ணையில் புல் முளைத்திருக்கும். கதவில் துருவேறிய பூட்டுத் தொங்கும். உடையவர் மக்களின் படிப்பை முன்னிட்டு நாமக்கல்லில் குடியிருப்பார். அல்லது திருப்பூரிலோ ஈரோட்டிலோ வேலை பார்ப்பார். அல்லது ஆழ்துளைக் கிணறு போடும் லாரியோடு வடமாநிலங்களில் இருப்பார். அது அவரவர் சொந்த விஷயம் என்று சொல்லிக் கடந்து போவது எளிது. ஆனால் அது ஊரின் விஷயம், ஆகவே கூட்டுறவின் விஷயம் என்பதே நமது அபிப்பிராயம்.

2011ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், இந்தியாவில் ஏறத்தாழ 33 கோடிக் கட்டடங்களுள் 2.46 கோடிக்கும் மேற்பட்டவை காலியாகக் கிடந்தன. அவற்றில் பாதிக்கு மேல் கிராமங்களில் உள்ளவை. குடிசைகளுக்கு மாற்றாக 2030ஆம் ஆண்டுக்குள் 8 இலட்சம் கான்கிரீட் வீடுகள் கட்டப்படும் என்று தமிழக அரசு 2024இல் அறிவித்தது. வீடு ஒன்றுக்கு 360 சதுர அடி; அரசு உதவி மூன்றரை இலட்சம் ரூபாய். குடிசையில் வாடும் குடும்பத்துக்கு அது பெரும் நன்மை. அதனை நாம் மனமார வரவேற்கிறோம். ஆயினும் புதிய வீடு எழும் அதே ஊரில், குழித்தறி போடத்தக்க நீண்ட கூடமும் தானியம் கொட்டி வைக்க இடமும் உள்ள ஓட்டு வீடு ஆளின்றி இடிந்து விழுவது எவ்வகையிலும் சிக்கனமாகாது.

ஓட்டு வீடு ஆளிருக்கும் வரையில்தான் வீடு. மழைக்கு முன் ஓடு பிரித்து மாற்றுகிறவர் இல்லாவிடில், உடைந்த ஓர் ஓட்டின் வழியே இறங்கும் நீர் கைமரத்தை நனைக்கிறது. நனைந்த மரத்தில் கறையான் ஏறுகிறது. பிறகு உத்திரம் இறங்கிச் சுவர் கரைகிறது. சில நூறு ரூபாயில் முடிந்திருக்க வேண்டிய வேலை, சில ஐப்பசி மழைகளுக்குப் பின் இலட்சங்களாக வளர்ந்து விடுகிறது.

இதனை உடையவர் அறியாதவரல்லர். அவர் கையைக் கட்டிப்போடுவது வேறு. பட்டா இன்னும் பாட்டனார் பெயரில் இருக்கும். பங்காளிகள் நால்வர் நான்கு ஊரில் இருப்பர். 1989ஆம் ஆண்டின் தமிழகச் சட்டத் திருத்தத்தாலும் 2005ஆம் ஆண்டின் மத்தியச் சட்டத் திருத்தத்தாலும் சமபங்கு பெற்ற பெண்மக்களின் கையொப்பமும் வேண்டியிருக்கும், அது நியாயமானதே. இவற்றுக்கெல்லாம் மேலாக, குடிவந்தவர் காலி செய்ய மறுத்தால் என்ன செய்வது என்ற அச்சம். சொத்துரிமையின் தெளிவின்மை, ஒப்பந்தத்தை நிறைவேற்றுவதில் உள்ள தொல்லை, வாடகை வருமானத்தின் குறைவு ஆகியவையே காலி வீடுகளுக்குக் காரணமாயிருக்கலாம் என்று மத்திய அரசின் 2017-18 பொருளாதார ஆய்வறிக்கையும் குறிப்பிட்டது. செல்வத்துக்குப் பேர்போன செட்டிநாட்டின் பெருவீடுகளையே பாருங்கள். ஒரே வீட்டில் பல பங்காளிகளுக்கு உரிமை இருப்பதால், சில விடுதிகளாகிப் பிழைத்தன. பல பூட்டிக் கிடந்தன. சில இடிக்கப்பட்டு அவற்றின் தேக்குத் தூண்கள் காரைக்குடிக் கடைகளில் விலைக்கு வந்தன. பணம் மட்டும் இருந்தால் வீடு பிழைத்துவிடும் என்பதற்கில்லை.

ஆகவே காலி வீட்டை மீட்பது கொத்தனார் ஒருவரின் வேலையன்று. பத்திரம் படிக்கவும், பங்காளிகளை ஒன்றுகூட்டிப் பேசவும், பழுதுக்கு மதிப்பீடு போடவும், தகுந்த குடித்தனக்காரரைத் தேடவும் அறிந்த ஒருவர் வேண்டும். பிரிட்டனில் உள்ளூராட்சி மன்றங்கள் பல இதற்கென்றே அலுவலர்களை நியமித்துள்ளன. 2004ஆம் ஆண்டின் வீட்டுவசதிச் சட்டம், நெடுநாள் காலியாக உள்ள வீட்டின் நிர்வாகத்தை, உரிமையைப் பறிக்காமல், ஏழாண்டு வரை மன்றமே ஏற்று நடத்த அங்கே வழிசெய்தது. ஆனால் அந்தச் சட்டம் மிக அரிதாகவே பயன்பட்டது. உடையவரைத் தேடிக் கண்டு, கடிதம் எழுதி, ஐயம் தீர்த்து, இணங்கச் செய்யும் அலுவலரின் பொறுமையே அதனினும் அதிகம் சாதித்தது. இவ்வேலையில் உள்ளவர்கள் இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் தங்களுக்கென ஒரு தொழில்முறைச் சங்கத்தை அமைத்துக்கொண்டனர். ஸ்காத்லாந்தில் 2010இல் அரசின் ஆதரவுடன் இதற்கென ஒரு கூட்டமைப்பே தோன்றியது. இத்தனைக்குப் பிறகும் 2023இல் இங்கிலாந்தில் ஆறு மாதத்துக்கு மேல் காலியாயிருந்த வீடுகள் 2.6 இலட்சத்துக்கும் அதிகம். சங்கம் அமைத்தவுடன் குறை தீர்ந்துவிடும் என்று நாம் சொல்லவில்லை.

பின் சங்கம் எதற்கு? வெளியூரில் இருப்பவரின் சாவியும் பத்திரமும் வாடகைப் பணமும் ஒரே கையில் சேருகின்றன. அந்தக் கை யாருக்கும் பதில் சொல்லாத தரகரின் கையானால், முடிவில் வீடு அடிமாட்டு விலைக்குப் போகும். இதனை அஞ்சியே பலர் பூட்டைத் திறப்பதில்லை. பயிற்சியும் ஒழுக்க விதியும் கணக்குத் தணிக்கையும் உள்ள சங்கத்தின் உறுப்பினர் என்றால், அந்த அச்சம் பெரும்பகுதி நீங்கும்.

நம் வட்டாரத்து நெசவாளர் சங்கங்களும் விவசாயிகளின் சங்கங்களும் கூடி இதனைத் தொடங்கலாம் என்று கருதுகிறோம். முதலில் ஊர்தோறும் காலி வீடுகளுக்கு ஒரு பதிவேடு வேண்டும். அடுத்து, பயிற்சி பெற்ற செயலாளர் ஒருவர் வேண்டும். பிறகு, இசைந்து வரும் உடையவரிடமிருந்து வீட்டை ஐந்தாண்டுக் குத்தகைக்குச் சங்கமே எடுத்து, பதிவு செய்த பத்திரத்துடன் பழுதுபார்த்து, வாடகைக்கு விடலாம். பழுதுக்கு அறுபதாயிரம் ரூபாய், மாத வாடகை ஆயிரத்து ஐந்நூறு என்று வைத்துக்கொண்டால், நாற்பது மாதத்தில் முதல் திரும்பும். மீதி இருபது மாத வாடகை வட்டிக்கும் நிர்வாகச் செலவுக்கும் இடையே காலியாயிருக்கும் நாட்களுக்கும் உதவும். தவணை முடிந்ததும் செப்பனிட்ட வீடு உடையவரிடமே திரும்பும். இவ்வேலையில் ஈடுபடுவோர் தாம் கையாளும் வீட்டைத் தமக்கோ உறவினருக்கோ வாங்கலாகாது என்பதை முதல் விதியாக வைக்க வேண்டும்.

குடித்தனக்காரர் காலி செய்யாவிடில் என்ன என்று அங்கத்தினர் கேட்பர், நியாயமான கேள்வியே. தனிமனிதர் வாய்ப்பேச்சில் விட்ட வீட்டுக்கும், எழுத்து மூலமான ஒப்பந்தத்துடன் சங்கம் விட்ட வீட்டுக்கும் வேறுபாடு உண்டு. வழக்கு வந்தாலும், தொலைவிலுள்ள உடையவர் தனியே அலைய வேண்டுவதில்லை, சங்கம் முன்னிற்கும். சங்கத்துக்கு நஷ்டம் வராதா எனின், வரலாம்; ஆகவே முதலாண்டில் இரண்டு மூன்று வீடுகளுக்கு மேல் எடுக்க வேண்டா.

1904இல் திரூரில் தமிழகத்தின் முதற் கூட்டுறவுக் கடன் சங்கம் பதிவானபோது, கந்துவட்டிக்கு மாற்று உண்டென்று நம்பியவர் சிலரே. அன்று தனியே கடன்வாங்க அஞ்சியவர் கூடி நின்றனர். இன்று தனியே கதவைத் திறக்க அஞ்சுவோர் கூடி நிற்க வேண்டும். தறி போட இடமின்றித் தவிக்கும் நெசவாளரும், வாடகை கொடுத்து மாளாத இளங்குடும்பங்களும் நம்மிடையே உள்ளனர். அடுத்த மகாசபையில் ஒவ்வொரு சங்கமும் தன் ஊரின் காலி வீடுகளைக் கணக்கெடுக்கத் தீர்மானம் நிறைவேற்றுமாறு அங்கத்தினர்களை வேண்டுகிறோம். அடுத்த ஐப்பசிக்கு முன் அக்கணக்கு முடிதல் நலம்.