தலைவிதியா? முனிசிபாலிட்டியா?

ஒரு சிறு பட்டணத்தில் காய்ச்சல் பரவினால் நம் ஜனங்கள் முதலில் எங்கே ஓடுகின்றார்கள் என்பதைச் சற்று யோசித்துப் பாருங்கள். வாசலில் வேப்பிலை கட்டுகின்றார்கள், கூழ் ஊற்றுகின்றார்கள், ஜோசியனிடம் பிள்ளையின் ஜாதகத்தைக் காட்டுகின்றார்கள். அதற்குப் பிறகு டாக்டரிடம் போகின்றார்கள். பிள்ளை செத்துப் போனால் தலைவிதி என்று சொல்லி அழுது தீர்க்கின்றார்கள். ஆனால் முனிசிபாலிட்டி ஆபீசுக்குப் போய், “எங்கள் தெருவுக்கு எட்டு நாளாகத் தண்ணீர் ஏன் வரவில்லை?” என்று கேட்கின்றவர்கள் எத்தனை பேர்?

காய்ச்சலுக்கும் குழாய்க்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கலாம். சம்பந்தம் இருக்கின்றது. டெங்கு காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு பெரும்பாலும் தேங்கி நிற்கும் நல்ல தண்ணீரிலேயே பெருகுகின்றது. தொட்டி, குடம், பழைய டயர், தேங்காய்ச் சிரட்டை ஆகியவைதான் அதற்கு வீடு. முட்டை கொசுவாவதற்கு ஏறக்குறைய ஒரு வாரம் முதல் பத்து நாள் போதும். தினம் தண்ணீர் வருகின்ற தெருவில் யாராவது பத்து நாள் தண்ணீரைச் சேர்த்து வைப்பார்களா? எட்டு நாளைக்கு ஒரு முறை வருகின்ற தெருவில் சேர்த்து வைக்காமல் இருக்க முடியுமா? ஆகவே அந்தத் தெருப் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தது சனியன் பார்வையாலா, தண்ணீர் வராத குழாயாலா என்று கேட்கின்றோம். வாரம் ஒரு முறை தொட்டியைக் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவி மூடி வைப்பது நம் வேலை. தண்ணீரை ஒழுங்காக விடுவது முனிசிபாலிட்டியின் வேலை. இந்த இரண்டில் எதையும் எந்தச் சாமியும் செய்யப் போவதில்லை.

பெரியம்மைக்கு எத்தனை தலைமுறையாகப் பொங்கல் வைத்தோம்! போயிற்றா? வீடு வீடாக வந்து அம்மை குத்தியதால் போயிற்று. இந்தியாவில் அது கடைசியாகக் கண்டது 1975-இல். உலகத்திலேயே ஒழிந்துவிட்டது என்று உலக சுகாதார ஸ்தாபனம் அறிவித்தது 1980-இல். பொங்கல் வாங்கித் தின்றவர்கள் ஒருவரும் இதற்குப் பதில் சொல்லக் காணோம்.

இன்னொரு வேடிக்கையைப் பாருங்கள். தெருவில் ஒரு விளக்கு வேண்டுமானால் கவுன்சிலரிடம் போய் வரம் கேட்பதுபோல் கைகட்டி நிற்கின்றோம். அவரும் விளக்கைப் போட்டுவிட்டு, தம் சொத்தை விற்றுத் தர்மம் செய்தவர்போல் கம்பத்தில் தம் பெயரை எழுதிக் கொள்கின்றார். யார் பணம் அது? வீட்டுவரியும் தண்ணீர் வரியும் கட்டுகின்ற நம் பணம் அல்லவா? வாடகை வீட்டில் இருப்பவனும் வாடகையின் மூலமாக அந்த வரியில் ஒரு பங்கு கொடுக்கின்றான். ஆகவே கேட்பது பிச்சையல்ல, கணக்கு.

நமக்கு நகரசபை ஆட்சி நேற்று வந்ததல்ல. 1882-இல் ரிப்பன் பிரபு ஸ்தல சுயாட்சித் தீர்மானம் செய்தார். சென்னை மாகாணத்தில் 1884-இலும் 1920-இலும் முனிசிபாலிட்டிச் சட்டங்கள் வந்தன. 1993-இல் அமலுக்கு வந்த 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம், ஐந்து வருஷத்திற்கு ஒரு முறை தேர்தல் நடக்க வேண்டும் என்றே விதித்தது. தண்ணீர், சுகாதாரம், தெருவிளக்கு, சுடுகாடு என்று 18 வேலைகளையும் நகரசபைகளுக்கு உரியனவாகக் குறித்தது. அப்படியிருந்தும் தமிழ்நாட்டில் என்ன நடந்தது? 2016 அக்டோபரில் பதவிக் காலம் முடிந்தது. நகரங்களில் மறு தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரி 19-இல்! ஐந்து வருஷத்திற்கு மேல் கவுன்சிலர் இல்லாமல் உத்தியோகஸ்தர்களே ஆண்டார்கள். ஒரு ஊரில் ஐந்து வருஷம் தேர் ஓடாமல் இருந்திருந்தால் ஊரார் சும்மா இருந்திருப்பார்களா? வோட்டு நின்றதற்கு எத்தனை ஊரில் கூட்டம் கூடிற்று?

கணக்குக் கேட்கின்ற நாம் நம்மையும் கேட்டுக் கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. வீட்டு மலக்குழி நிறைந்தால் ஒரு ஏழையைக் கூப்பிட்டு, கூலி பேசி உள்ளே இறக்குகின்றோம். விஷவாயு அடித்து அவன் சாகின்றான். தக்க பாதுகாப்பில்லாமல் எவரையும் மலக்குழியிலும் சாக்கடையிலும் இறக்குவது 2013-ஆம் வருஷத்துச் சட்டப்படி குற்றம். இறக்கியது முனிசிபாலிட்டியானாலும் சரி, வீட்டுக்காரரானாலும் சரி, குற்றந்தான். முதல் தடவைக்கே இரண்டு வருஷம் வரை சிறையுண்டு. சாக்கடையில் இறங்கிச் சாகின்றவரின் குடும்பத்திற்கு 30 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு 2023-இல் தீர்ப்புச் சொல்லிற்று. பணம் வரும், மனிதன் வருவானா? விஷவாயு சாதி பார்த்துக் கொல்வதில்லை. இறக்குகின்றவன்தான் சாதி பார்த்து இறக்குகின்றான். தெருவில் சமத்துவம் பேசிவிட்டுக் கொல்லைப்புறத்தில் மனுதர்மம் நடத்துகின்றவனுக்குச் சுயமரியாதை என்ற சொல்லை உச்சரிக்க என்ன யோக்கியதை?

ஆகவே தோழர்களே, செய்ய வேண்டியது கஷ்டமான காரியமல்ல. உங்கள் தெருச் சாக்கடைக்கும் குழாய்க்கும் எவ்வளவு ஒதுக்கினார்கள், எவ்வளவு செலவழித்தார்கள் என்று 2005-ஆம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டப்படி எழுதிக் கேளுங்கள். கட்டணம் பத்து ரூபாய். முப்பது நாளில் பதில் சொல்லியாக வேண்டும். ஒரு தேங்காய் உடைக்கின்ற செலவுகூட இல்லை. 2022-இல் வந்த விதிகளின்படி நகரங்களில் பகுதி சபைகள் ஏற்பட்டிருக்கின்றன. அவை கூடும் நாளில் பெண்களையும் அழைத்துக் கொண்டு போய் உட்காருங்கள். குடத்தைத் தூக்குகின்றவர்கள் அவர்களல்லவா? கூட்டம் கூட்டவில்லையென்றால் ஏன் கூட்டவில்லை என்று கேளுங்கள்.

உடைத்த தேங்காய் பதில் சொல்லாது. முனிசிபாலிட்டி பதில் சொல்லியே தீர வேண்டும். கேட்க நாம் இருந்தால்.