‘வாங்க’ என்று சொல்லுங்கள்: திருச்சி, ஸ்ரீரங்கம் மக்களுக்கு ஒரு வேண்டுகோள்



நாங்கள் திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் குடியிருக்கும் பெற்றோர்கள், ஆசிரியர்கள், பணி ஓய்வு பெற்றவர்கள். எந்தக் கட்சியையும் சேர்ந்தவர்கள் அல்ல. ஒருநாள் காலை வீதியில் காதில் விழுந்த ஒரு குரல்தான் இதை எழுத வைத்தது.

குப்பை வாங்கும் பேட்டரி வண்டி சித்திரை வீதியில் வந்து நின்றது. பள்ளிக்குக் கிளம்பி வாசலில் நின்ற பையனுக்கு ஆறு வயது இருக்கும். “ஏய் குப்பை, நில்லு!” என்று கத்தினான். வண்டியோடு வந்த அம்மாவுக்கு அவன் பாட்டி வயது. உள்ளிருந்து வந்த தாய், “ஷூவோட மண்ணுல எறங்காதடா” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அந்த அம்மா மக்கும் குப்பையை ஒரு தொட்டியிலும் மக்காததை இன்னொன்றிலும் கொட்டிவிட்டு அடுத்த வாசலுக்குப் போனார். அரசு இவரைப் போன்றவர்களுக்குத் ‘தூய்மைப் பணியாளர்’ என்று பெயர் சூட்டியது. நம் வாசல்களில் இன்னமும் ‘குப்பை’தான்.

தமிழில் மரியாதை வினைச்சொல்லிலேயே இருக்கிறது. டாக்டருக்கு ‘வாங்க’, வாட்ச்மேனுக்கு ‘வா’. யாருக்கு எது என்பதைப் பிள்ளைகள் நம் வாயைப் பார்த்தே பிரித்துக்கொள்கிறார்கள். டவுன் பஸ்ஸில் கட்டணமின்றிப் பயணிக்கும் பெண்ணை ‘ஓசி’ என்று யாரோ சொல்லும்போது, பக்கத்தில் புத்தகப் பையோடு நிற்பவர்களும் கேட்டுக்கொண்டுதான் வருகிறார்கள்.

எங்களில் ஒருவர் முப்பது ஆண்டுகள் வகுப்பெடுத்தவர். வேலைக்குச் சேர்ந்த புதிதில், வாசிக்கத் திணறிய பையனை ஒருமுறை ‘மக்கு’ என்றார். ஒரே வாரத்தில் வகுப்பு முழுவதற்கும் அதுவே அவன் பெயராயிற்று. அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு அவன் பள்ளிக்கு வரவில்லை. இதைச் சொல்லும்போது அவருக்கு இன்றும் குரல் தழுதழுக்கிறது. ஆசிரியர் முன்னால் மேசையைத் தட்டி ஆடி, அதைச் செல்போனில் படம்பிடித்துப் பரப்பும் மாணவர்களையும் பார்த்துவிட்டோம். அவர்களும் இதே பேச்சைக் கேட்டு வளர்ந்தவர்கள்தான்.

இது எங்கே போய் முடியும் என்பதை 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் கண்டோம். சாதியைச் சொல்லிச் சீண்டி, ஏவல் வேலை வாங்கிய சக மாணவர்கள் மீது பிளஸ் டூ மாணவர் ஒருவர் புகார் சொன்னார். இரவில் வீடு புகுந்து அவரை அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். அடுத்த ஆண்டு அந்த மாணவர் 600-க்கு 469 மதிப்பெண் எடுத்துத் தேறினார். அவர் மன உறுதிக்குத் தலைவணங்குகிறோம். ஆனால் ஒரு பிள்ளைக்கு இவ்வளவு உறுதி தேவைப்படும்படி நாம் விட்டிருக்கக் கூடாது.

நாங்குநேரி சம்பவத்துக்குப் பின் அரசு அமைத்த ஒரு நபர் குழுவின் தலைவர் நீதிபதி கே. சந்துரு, ஸ்ரீரங்கத்தில் பிறந்தவர். உயர் நீதிமன்றத்தில் தம்மை ‘மை லார்ட்’ என்று அழைக்க வேண்டாம் என்றவர். வருகைப் பதிவேட்டில் சாதி இருக்கக்கூடாது, எந்த மாணவரையும் சாதியைக் குறிப்பிட்டு அழைக்கக்கூடாது என்று 2024 ஜூனில் அளித்த அறிக்கையில் அவர் பரிந்துரைத்தார்.

நம் ஊருக்கு இது புதிய பாடமா? உறையூரில் அவதரித்த திருப்பாணாழ்வார் காவிரியின் தென்கரையில் தன்னை மறந்து பாடிக்கொண்டிருந்தார். கோயிலுக்குத் தீர்த்தம் எடுக்க வந்த லோகசாரங்கர், சாதியை எண்ணி அவரை விலகச் சொன்னார். பாணர் காதில் விழவில்லை. லோகசாரங்கர் கல்லெறிந்தார், பாணர் நெற்றியில் ரத்தம். சந்நிதியில் அரங்கன் நெற்றியிலும் ரத்தம் வழிந்தது என்கிறது குருபரம்பரைக் கதை. கல் எறிந்த அதே லோகசாரங்கர்தான் பாணரைத் தோளில் சுமந்து கோயிலுக்குக் கொண்டுவந்தார். பிள்ளைகளுக்கு இந்தப் பேச்சைப் பழக்கிவிட்ட பெரியவர்கள் நாம். அவரைப் போலத் திருத்த வேண்டியதும் நாம்தான்.

ஆசிரியர்களே, ஒவ்வொரு பிள்ளையையும் அதன் பெயரால் அழையுங்கள், பட்டப்பெயர் வேண்டாம். பெற்றோரே, ஆசிரியர் மேல் வருத்தமிருந்தால் பள்ளிக்குப் போய் நேரில் பேசுங்கள். பிள்ளை முன்னால் அவரை அவன் இவன் என்று ஏசாதீர்கள். மாணவர்களே, கூடப் படிப்பவரை யாராவது சீண்டினால் சேர்ந்து சிரிக்காதீர்கள். அன்றைக்கே ஆசிரியரிடம் சொல்லுங்கள்.

நாளைக் காலை குப்பை வண்டி வரும்போது பிள்ளையையும் வாசலுக்கு அழைத்து வாருங்கள். அந்த அம்மாவின் பெயரைக் கேளுங்கள். பிள்ளை காதில் விழும்படி, “வாங்கம்மா” என்று சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் ஊர்ப் பெற்றோரும் ஆசிரியர்களும்