"இல்லாட்டியும் ஓடும் தம்பி..."

கியர் சைக்கிளின் முன் சக்கரத்தை முழுசாகக் கழற்றினால், கூம்பு மாதிரி சுருண்ட குட்டி ஸ்பிரிங் ஒன்று துள்ளி விழும். வீரபாண்டியானாலும் தேனியானாலும், பஞ்சர் கடை வாசலில் அது உருண்டு ஓடினால் குனிந்து தேடுகிறவர்கள் அபூர்வம். "அதுவா? அது இல்லாட்டியும் ஓடும் தம்பி" என்று பதில் வரும். ஓடும்தான். அதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் இந்த "இல்லாட்டியும் ஓடும்" ஒரு ஸ்பிரிங்கோடு நிற்பதில்லை என்பதுதான் சிக்கல். இன்றைக்கு ஸ்பிரிங், நாளைக்கு வாஷர், அதற்கடுத்த நாள் ஃபோர்க் நுனியில் இருக்கும் மேட்டை அரம் போட்டு ராவுகிற வேலை. கடைசியில் சக்கரமும் இல்லாமல் ஓடும் என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்னவோ :)

பழைய சைக்கிளில் இந்தத் தலைவலி கிடையாது. வாடகை சைக்கிள் காலத்து வண்டியானாலும், பதினொன்றாம் வகுப்பில் அரசாங்கம் கொடுக்கிற சைக்கிளானாலும், அச்சின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு நட்டு. ஸ்பானர் போட்டு இறுக்கினால் கதை முடிந்தது. கழற்றவும் ஸ்பானர் வேண்டும் என்பதால் தானாகவோ விளையாட்டாகவோ அது கழன்று வராது. கியர் சைக்கிளில் அந்த இடத்தில் குயிக் ரிலீஸ் இருக்கிறது. அச்சின் நடுவே குழாய் மாதிரி ஓட்டை. அதன் வழியாக 5 மி.மீ. கனத்தில் ஒரு கம்பி போகிறது. ஒரு முனையில் லீவர், மறுமுனையில் கையால் திருகும் நட்டு. லீவருக்குள் மையம் தள்ளி அமைந்த ஒரு கேம் உண்டு. லீவரை மடக்கும்போது அந்தக் கேம் கம்பியைத் துளியூண்டு இழுக்கும். அந்தத் துளியூண்டு இழுப்புதான் சக்கரத்தை ஃபோர்க்கோடு பிடித்து வைத்திருக்கிறது. வேறு எதுவும் இல்லை.

இதைக் கண்டுபிடித்தவர் இத்தாலிக்காரர் துல்லியோ கம்பஞோலோ. 1927இல் மலைப்பாதைப் பந்தயம் ஒன்றில், கொட்டுகிற பனியில் விரல்கள் விறைத்துப்போய் சக்கரத்தின் நட்டைத் திருக முடியாமல் தோற்றார், அந்த எரிச்சலில் பிறந்ததுதான் இது என்பார்கள். கதை கொஞ்சம் ஜோடனையாக இருக்கலாம் என்று சந்தேகப்படுகிறவர்களும் உண்டு. எப்படியோ, பந்தயக்காரனின் அவசரத்துக்காகச் செய்த பொருள் அது. வீரபாண்டியில் பனியும் இல்லை, பந்தயமும் இல்லை. ஆனால் அந்த லீவர் மட்டும் வந்து சேர்ந்துவிட்டது. வந்த பொருளைப் புரிந்துகொள்ளாமல் பாதியைக் கழற்றிப் போடுவது எந்த ஊர் நியாயம்?

முதலில் அந்த ஸ்பிரிங். அது சக்கரத்தைப் பிடிக்கவில்லை, உண்மை. லீவரையும் நட்டையும் இரண்டு பக்கமும் சமமாக வெளியே தள்ளி வைத்திருப்பது மட்டும்தான் அதன் வேலை. அப்போதுதான் அச்சு, ஃபோர்க்கின் காடிக்குள் சிக்காமல் நேராக உட்காரும். ஸ்பிரிங் இல்லாவிட்டால் கம்பி ஒரு பக்கமாகச் சரியும், லீவர் இடிக்கும், சக்கரம் கோணலாக உட்காரும். சரியாக உட்கார்ந்ததா என்று பார்க்கிற பொறுமை உள்ளவருக்கு ஸ்பிரிங் தேவையில்லை. இருட்டில், மழையில், ரோட்டோரத்தில் பஞ்சர் பார்க்கிறவருக்குத் தேவை. ஸ்பிரிங்கைத் தூக்கி எறிவதை விட மோசமான காரியம் அதைத் திருப்பிப் போடுவது. குறுகிய முனை உள்பக்கம், சக்கரத்தைப் பார்த்து இருக்க வேண்டும். அகலமான முனையை உள்ளே போட்டால் அது நடுவில் மாட்டிக்கொண்டு பிடிமானத்தையே கெடுக்கும். "இல்லாட்டியும் ஓடும்" என்கிறவர்களிடம் இந்த வித்தியாசத்தைக் கேட்டுப் பாருங்கள்.

அடுத்தது நட்டின் உள்முகத்தில் இருக்கும் பல். ஃபோர்க்கின் உலோகத்தைக் கடித்துப் பிடிப்பதற்காகச் செய்தது. மழுங்கிப்போனால் மாற்ற வேண்டும். லீவர் வெளியே தெரிகிற மாதிரி கேம் வைத்த மலிவான மாடல்களில், கேமுக்கு அடியில் வளைந்த ஒரு பிளாஸ்டிக் வாஷர் இருக்கும். தூசியும் சேறும் முதலில் போய் உட்காருவது அங்கேதான். ஒரு சொட்டு எண்ணெய் போதும், அதையும் யாரும் விடுவதில்லை.

சண்டை எல்லாம் மூன்றாவது விஷயத்தில்தான். ஃபோர்க்கின் நுனியில், காடியைச் சுற்றிச் சின்னதாக ஒரு மேடு இருக்கும். லீவரைத் திறந்தாலும் சக்கரம் விழாது. நட்டை இன்னும் சில சுற்று தளர்த்தினால்தான் வெளியே வரும். அமெரிக்காவில் இதற்கு "வக்கீல் உதடு" என்று கிண்டல் பெயர். கம்பெனிக்காரன் கேஸுக்குப் பயந்து வைத்தது, குயிக் ரிலீஸில் இருந்த குயிக்கையே கொன்றுவிட்டது, எனவே ராவி எறி என்று உலகம் முழுக்க ஒரு கோஷ்டி சொல்கிறது. அந்தப் பேச்சைப் படித்துவிட்டு இங்கேயும் அரத்தைத் தேடுகிறார்கள். மிச்சமாகும் பத்து விநாடியை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறார்கள் என்று தெரியவில்லை. டீக்கடையில் கூடுதலாகப் பத்து விநாடி உட்காரலாம்.

சித்திரைத் திருவிழாவை நினைத்துப் பாருங்கள். கௌமாரியம்மன் கோயிலுக்கு லட்சக்கணக்கில் கூட்டம், தீச்சட்டி, முல்லைப் பெரியாற்றில் குளியல், ராட்டினம். நூறு வண்டிகளுக்கு நடுவே கியர் சைக்கிளை நிறுத்திவிட்டுப் போகிறான் ஒருவன். பளபளவென்று நீட்டிக்கொண்டிருக்கும் லீவரைப் பார்க்கிற பொடியன் சும்மா இருப்பானா? ஒரு திருப்பு, அவ்வளவுதான். வண்டிக்காரன் வந்து, பார்க்காமல் ஏறி, தேனி ரோட்டில் மிதிக்கிறான். அந்த மேடு இருந்தால் சக்கரம் தடதடவென்று ஆடும், ஆனால் காடிக்குள்ளேயே கிடக்கும். அந்த ஆட்டத்தைக் கேட்டு இறங்கிவிடலாம். மேடு இல்லை என்றால் முதல் வேகத்தடையில் ஹேண்டில்பார் தூக்கும்போது சக்கரம் தனியாக, மனிதன் தனியாக.

டிஸ்க் பிரேக் வந்த பிறகு விஷயம் இன்னும் சிக்கல். பழைய ரிம் பிரேக் சக்கரத்தை மேலிருந்து பிடிக்கும். டிஸ்க் பிரேக்கின் காலிப்பர் ஃபோர்க்கின் பின்பக்கத்தில், அச்சுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அழுத்திப் பிடித்தால் அச்சைக் காடியிலிருந்து கீழ்நோக்கித் தள்ளும் விசை உருவாகிறது. பிரிட்டனைச் சேர்ந்த ஜேம்ஸ் அன்னன் என்ற விஞ்ஞானி 2003 வாக்கில் இதைக் கணக்குப் போட்டுக் காட்டியபோது பலர் நக்கலடித்தார்கள். பின்னாளில் காடி இல்லாமல், அச்சையே ஓட்டைக்குள் செருகித் திருகும் த்ரூ ஆக்சில் பரவலானதற்கு இந்தக் கவலையும் ஒரு காரணம். ஆனால் விலை குறைந்த டிஸ்க் சைக்கிள்களில் இன்னும் பழைய லீவர்தான்.

அந்த லீவரே எமனாகும் என்பதற்கும் சாட்சி உண்டு. 2015 ஏப்ரலில் ட்ரெக் கம்பெனி அமெரிக்காவில் மட்டும் சுமார் 9 லட்சம் சைக்கிள்களைத் திரும்ப அழைத்தது. காரணம், திறந்த லீவர் 180 டிகிரியைத் தாண்டிப் போய் முன் டிஸ்க்கில் மாட்டிக்கொள்ள வாய்ப்பு இருந்தது. அதற்குள் நடந்த மூன்று விபத்துகளில் ஒருவருக்குக் கை கால் நான்கும் செயலிழந்தன. லீவருக்கும் டிஸ்க்குக்கும் நடுவே சில மில்லிமீட்டர் இடைவெளி இல்லாததுதான் குற்றம்.

சின்னமனூரிலிருந்து மேகமலைக்கு வண்டியை மிதித்து ஏறுகிற கல்லூரிப் பையன்கள் இப்போது அதிகம். ஏறுவது வீரம், சரி. இறங்கும்போது வளைவுக்கு வளைவு முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே வருவார்கள். கிளம்பும் முன் லீவரைத் தொட்டுப் பார்ப்பவர் எத்தனை பேர்? பாதிப் பேர் லீவரை மடக்காமல், நட்டு மாதிரி சுற்றிச் சுற்றியே இறுக்குகிறார்கள். பார்த்தால் இறுகிய மாதிரியே இருக்கும்.

இதில் பஞ்சர் கடைக்காரரைத் திட்டிப் பிரயோஜனமில்லை. அவர் கையில் பழகியது நட்டும் ஸ்பானரும். திட்ட வேண்டியது விற்கிறவர்களை. ஆன்லைனில் வாங்கினால் முன் சக்கரம் தனியாக, அட்டைப்பெட்டியில் வருகிறது. வண்டியிலேயே ஆபத்தான வேலையை, அதை வாழ்க்கையில் முதல்முறை பார்க்கிறவன் தலையில் கட்டுகிறார்கள். கூடவே பொடி எழுத்தில் இங்கிலீஷ் புத்தகம். ஊறுகாய் பாட்டிலில் தமிழில் அச்சடிக்க முடிகிறது. இருபதாயிரம் ரூபாய் வண்டிக்குத் தமிழில் ஒரு தாள் போட முடியாதா? நான்கு படம், ஆறு வரி. லீவர் நேராக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நிலையிலேயே எதிர்ப்பு தெரிய வேண்டும், மூடி முடிக்கும்போது உள்ளங்கையில் தடம் பதிய வேண்டும், ஸ்பிரிங்கின் குறுகிய முனை உள்ளே. இதைச் சொல்ல எவ்வளவு மை செலவாகும்?

டிஸ்க் வண்டி வைத்திருப்பவர்கள் அந்தத் தாளுக்காகக் காத்திருக்க வேண்டாம். லீவர் டிஸ்க் பக்கம் இருந்தால் அதை முழுதாகத் திறந்து, டிஸ்க்குக்கும் அதற்கும் நடுவே சாதாரண பென்சிலை நுழைத்துப் பாருங்கள். 6 மி.மீ. கூட இடமில்லாமல் பென்சில் சிக்கினால், அந்த லீவரை மாற்றிவிட்டு அப்புறம் மேகமலைக்குக் கிளம்பலாம்.