இறங்குறதையும் சேர்த்துதான் மலையேற்றம்

கார்த்திகை பிறந்தாச்சு. "மச்சி, செமஸ்டர் லீவுக்குத் தென்காசி பக்கம் ஒரு ட்ரெக் போடலாமா?"னு உங்க வாட்ஸ்அப் குரூப்லயும் யாராவது கேட்டிருப்பாங்க. தாராளமா போங்க. ஆனா, "நம்ம ஊர்ல என்னடா குளிர்?"ங்கிற நினைப்போட மட்டும் போகாதீங்க.

பண்பொழி திருமலைக்கோயிலுக்குப் படிக்கட்டும் உண்டு, வண்டிப் பாதையும் உண்டு. மேலே நின்னு பாருங்க. கிழக்கே வயலும் தென்னந்தோப்பும், மேற்கே சுவர் மாதிரி மேற்குத்தொடர்ச்சி மலை. நாம இருப்பது மலையின் கிழக்குப் பக்கம். காலண்டர்ல அஸ்தமனம் ஆறு மணின்னு இருந்தாலும், சூரியன் அதுக்கு முன்பே மலைக்குப் பின்னால் போயிடும். காட்டுக்குள்ள இன்னும் சீக்கிரம் இருட்டும். செல்போன் டார்ச்சை நம்பி இறங்க முடியாது.

அடுத்தது குளிர். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பநிலை சுமார் 6 டிகிரி குறையும். அதைவிட மோசம் ஈரம். காற்றைவிடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். நனைஞ்ச ஜீன்ஸோட காற்றில் நின்னா, பனி விழாத ஊர்லயும் உடல் வெப்பம் ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். ஹீட் டிரான்ஸ்பர் படிக்கிற நமக்கு இது புதுசா என்ன? ஒரு ரெயின்கோட்டும் மாற்று உடையும் பையில் இருக்கட்டும்.

மூன்றாவது, வெள்ளம். வடகிழக்குப் பருவமழை டிசம்பர் வரை உண்டு. நீங்க நிற்கிற இடத்துல வெயில் அடிக்கும், மேலே மழை கொட்டும். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் 17 வயதுப் பையனை அடித்துச் சென்றது. காலையில் கணுக்கால் அளவு ஓடிய ஓடை, மாலையில் வழிவிடாமல் போகலாம்.

அதனால்தான் அனுமதி இல்லாமல் காட்டுக்குள் போகாதீங்கன்னு சொல்றேன். 2018 மார்ச்சில் குரங்கணி காட்டுத்தீயில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அது கோடையின் ஆபத்து, இது மழைக்காலத்தின் ஆபத்து. இரண்டிலும் மேலே எத்தனை பேர், எந்த வழியில் போயிருக்காங்கன்னு கீழே இருக்கிறவங்களுக்குத் தெரிஞ்சாதான் தேடி வர முடியும். 2024-ல் தமிழக அரசு ஆன்லைன் முன்பதிவோடு 40 பாதைகளைத் திறந்தது. "நம்ம காட்டுக்கு நாமே காசு கட்டணுமா?"ன்னு கேட்கிறீங்களா? கல்லூரி மாணவர்களுக்குக் கட்டணச் சலுகை கேட்போம், அது நியாயம். ஆனா யானை எந்த வழியில் வரும், எந்த ஓடை எப்போ பெருகும்னு தெரிஞ்ச உள்ளூர் வழிகாட்டியை எந்த மேப்பும் தராது.

கடைசியா ஒண்ணு. கிளம்புறதுக்கு முன்னாடியே திரும்புற நேரத்தைக் குரூப்ல எழுதிப் போடுங்க. பன்னிரண்டு மணின்னா பன்னிரண்டுதான். உச்சி பத்து நிமிஷத்துல இருந்தாலும் திரும்பணும். "இன்னும் கொஞ்ச தூரம்தான்டா"ன்னு ஒருத்தன் சொல்வான். அப்போ "போதும், இறங்கலாம்"னு சொல்ற ஆளையும் இப்பவே முடிவு பண்ணிக்கோங்க. அவன் சொன்னா யாரும் கிண்டல் பண்ணக் கூடாது.